பைபிளை எந்தப் பக்கத்தில் திறப்பது? புதிதாக வாசிப்போருக்கு ஒரு வழிகாட்டி

புதிதாக பைபிள் வாங்கியவர் பெரும்பாலும் முதல் பக்கத்தில்தான் தொடங்குவார். ஆதியாகமம் கதையாக ஓடும். யாத்திராகமத்தில் செங்கடல் பிளக்கிற வரைக்கும் கையிலிருந்து வைக்க மனம் வராது. பிறகு 25ஆம் அதிகாரத்தில் உடன்படிக்கைப் பெட்டிக்கு இரண்டரை முழம், அடுத்த அதிகாரத்தில் 28 முழ நீளத்தில் பத்துத் திரைகள், ஐம்பது பொன் கொக்கிகள் என்று கணக்கு வரும். அதைத் தாண்டினால் லேவியராகமத்தின் பலிமுறைகள். அந்த இடத்தில் நாடா வைத்து மூடப்பட்டு, அப்படியே அலமாரிக்குப் போன பைபிள்கள் நிறைய.

இதில் வாசித்தவர் மேல் குற்றமில்லை. முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கத்தில் முடிக்க வேண்டிய ஒற்றைப் புத்தகம் என்று அதை நினைத்ததுதான் சிக்கல். ‘பைபிள்’ என்ற சொல்லுக்கு வேரான கிரேக்கச் சொல்லே பன்மை: ‘புத்தகங்கள்’. சட்டம், வரலாறு, பாட்டு, பழமொழி, தீர்க்கதரிசனம், கடிதம் எல்லாம் அடுக்கிய அலமாரி இது. ஒவ்வொன்றும் எப்படிப் பிறந்தது, யாருக்காகப் பிறந்தது என்று தெரிந்தால் அதை எப்படி வாசிப்பது என்பதும் பாதி தெரிந்துவிடும்.

முதலில், கையில் இருப்பது எந்தப் பதிப்பு?

பொருளடக்கத்தைத் திறந்து எண்ணுங்கள். 66 நூல்கள் (பழைய ஏற்பாடு 39, புதிய ஏற்பாடு 27) இருந்தால் அது சீர்திருத்தத் (புராட்டஸ்டண்ட்) திருச்சபைகளின் வரிசை. 73 இருந்தால் கத்தோலிக்க வரிசை. கூடுதலான ஏழும் பழைய ஏற்பாட்டில் இருக்கும்: தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் முதல், இரண்டாம் நூல்கள். எஸ்தரும் தானியேலும்கூட அதில் சற்று நீளமாக இருக்கும். புதிய ஏற்பாட்டின் 27இல் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை.

தமிழில் இன்னொரு குழப்பம் உண்டு. ஒரே நூலுக்கு இரண்டு பெயர். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் பரவலாகப் புழங்குவது ஹென்றி பவர் தலைமையில் 1871இல் வந்த மொழிபெயர்ப்பின் வழிவந்தது. கத்தோலிக்கர் வாசிப்பது 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். முன்னதில் ‘ஆதியாகமம்’ என்றால் பின்னதில் ‘தொடக்க நூல்’. ‘யாத்திராகமம்’ அங்கே ‘விடுதலைப் பயணம்’, ‘நியாயாதிபதிகள்’ அங்கே ‘நீதித் தலைவர்கள்’, ‘சங்கீதம்’ அங்கே ‘திருப்பாடல்’, ‘அப்போஸ்தலர் நடபடிகள்’ அங்கே ‘திருத்தூதர் பணிகள்’. கலைச்சொற்களும் அப்படியே. கிருபை என்றால் அருள், இரட்சிப்பு என்றால் மீட்பு, ஞானஸ்நானம் என்றால் திருமுழுக்கு, ஆயக்காரன் என்றால் வரிதண்டுபவர். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன வசனம் உங்கள் பைபிளில் கிடைக்கவில்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பெயர்களைத்தான்.

புதியவருக்கு எங்கள் யோசனை: பொருள் புரிவதற்குத் திருவிவிலியம் போன்ற இக்கால நடையை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போகும் சபையில் பழைய நடை புழங்கினால் அதையும் பக்கத்தில் வையுங்கள். புரியாத வசனத்தை இரண்டிலும் படித்தால் பாதி முடிச்சு தானாக அவிழும். அடிக்குறிப்பு இல்லாத பதிப்பை வாங்க வேண்டாம். அதன் பயன் கடைசியில் தெரியும்.

முகவரி வாசிக்கப் பழகுதல்

‘மத் 5:3-10; 6:9’ என்றால் மத்தேயு நற்செய்தியில் 5ஆம் அதிகாரம் 3 முதல் 10 வரையுள்ள வசனங்கள், பிறகு 6ஆம் அதிகாரம் 9ஆம் வசனம். முக்காற்புள்ளிக்கு முன்னால் அதிகாரம், பின்னால் வசனம். அரைப்புள்ளி வந்தால் வேறு இடத்துக்குப் போகிறோம் என்று பொருள். ‘1 கொரி’ என்பதை ‘ஒன்று கொரிந்தியர்’ என்று வாசிப்பார்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் கடிதம் அது.

அதிகம் தடுமாற வைப்பது ‘யோ’வில் தொடங்கும் பெயர்கள்: யோசுவா, யோபு, யோவேல், யோனா, யோவான். போதாக்குறைக்கு யோவான் நற்செய்தி ஒன்று, யோவானின் கடிதங்கள் மூன்று. ‘யோவான் 3:16’ நற்செய்தியில் இருக்கிறது. ‘1 யோவான் 3:16’ புதிய ஏற்பாட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் வேறு வசனம். எண்ணை விட்டுவிட்டால் வேறு ஊருக்குப் போய் இறங்குவீர்கள்.

இந்த எண்கள் எழுதியவர்கள் போட்டவை அல்ல. இன்றைய அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துப் பேராயர் ஸ்டீபன் லாங்டன் வகுத்ததாகக் கருதப்படுகிறது. புதிய ஏற்பாட்டுக்கு இன்றைய வசன எண்களை 1551இல் இட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர். இடையிடையே வரும் தடித்த தலைப்புகள் பதிப்பாளர் சேர்த்தவை. தேடுவதற்கு எண்களை நம்புங்கள், எங்கே நிறுத்துவது என்பதற்கு நம்பாதீர்கள். ஏசாயாவின் புகழ்பெற்ற துன்புறும் ஊழியரின் பாடல் 52:13இலேயே தொடங்குகிறது. 53ஐ மட்டும் வாசிப்பவருக்கு அதன் முதல் மூன்று வசனங்கள் போய்விடும்.

பயிற்சிக்கு 25 வசனம்: பிலேமோன்

மாற்குவுக்கும் ஆதியாகமத்துக்கும் முன்னால் ஒரு சின்ன வேலை. பிலேமோனுக்கு (திருவிவிலியத்தில் பிலமோன்), இயேசுவின் செய்தியைப் பரப்பிய பவுல் எழுதிய கடிதத்தைத் திறங்கள். எபிரெயருக்கு முந்தைய நூல் அது. ஒரே அதிகாரம், 25 வசனம். சத்தமாக வாசித்தால் நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஒரு வேதநூல் எப்படிப் பிறக்கிறது என்பது இதில் அப்பட்டமாகத் தெரியும்.

முதல் சுற்றில் பென்சிலோடு உட்காருங்கள். யார் எழுதுகிறார்? பவுல், சிறையிலிருந்து. யாருக்கு? பிலேமோனுக்கு. ஆனால் 2ஆம் வசனத்தில் அப்பியாள், அர்க்கிப்பு, அந்த வீட்டில் கூடும் சபை என்று பெயர்கள் நீள்கின்றன. தனிக் கடிதம்தான், ஆனாலும் ஊர் கேட்கும்படி எழுதப்பட்டது. எதற்காக? ஒநேசிமு என்ற அடிமைக்காக. அவன் எசமானை விட்டு ஓடிவந்தவன் என்று பல உரைகள் சொல்லும். கடிதம் அதை நேராகச் சொல்லவில்லை, வாசித்தவர்கள் ஊகித்தது. நூல் சொல்வதையும் நாம் ஊகிப்பதையும் பிரித்துக் குறித்துவைக்கும் பழக்கத்தை இங்கேயே தொடங்கிவிடுங்கள்.

இரண்டாம் சுற்றில் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். 11ஆம் வசனத்தில் ஒரு சிலேடை: ‘ஒநேசிமு’ என்ற பெயருக்கே ‘பயனுள்ளவன்’ என்று பொருள், பயனற்றவனாக இருந்தவன் பயனுள்ளவன் ஆனான் என்கிறார். 16இல் அவனை அடிமைக்கு மேலாக, அன்பான சகோதரனாக ஏற்கச் சொல்கிறார். 18, 19இல் அவன் பட்ட கடன் இருந்தால் என் கணக்கில் எழுது என்று சொந்தக் கையால் எழுதித் தருகிறார். 22இல் எனக்குத் தங்க இடம் ஏற்பாடு செய் என்கிறார். அதாவது, நேரில் வந்து பார்க்கப்போகிறார்! கெஞ்சலும் நெருக்கடியும் கலந்த கடிதம்.

மூன்றாம் சுற்றில் அக்கம்பக்கம். கொலோசெயர் 4:9இலும் 4:17இலும் ஒநேசிமுவும் அர்க்கிப்புவும் வருவார்கள். அதே அதிகாரத்தின் 16ஆம் வசனத்தில், இந்தக் கடிதத்தை வாசித்தபின் லவோதிக்கேயா சபைக்கும் கொடுங்கள், அவர்களிடம் உள்ளதை நீங்கள் வாங்கி வாசியுங்கள் என்ற ஏற்பாடும் இருக்கும். கடிதங்கள் கைமாறி, படியெடுக்கப்பட்டு, தொகுப்பானது இப்படித்தான்.

இதே 25 வசனத்தை 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமைமுறையை ஆதரித்த போதகர்கள், தப்பியோடிய அடிமையைத் திருப்பி அனுப்புவதே வேதநெறி என்பதற்குச் சான்றாகக் காட்டினார்கள். 12ஆம் வசனத்தில் ‘அனுப்புகிறேன்’ என்று இருக்கிறது, பொய்யில்லை. 16ஆம் வசனத்தையும் சேர்த்து வாசித்தவர்களுக்கு அந்த வாதம் நிற்கவில்லை. எதற்காக எழுதப்பட்டது என்பதைக் கழற்றிவிட்டால் வசனம் யார் கைக்கும் ஆயுதமாகும்.

மற்றவை வந்த வழி

பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எபிரெய மொழி. தானியேலிலும் எஸ்றாவிலும் சில பகுதிகள் அரமேயம். பல நூற்றாண்டுகளாகச் சொல்லியும் பாடியும் எழுதியும் சேர்ந்தவை அவை. ஒரு சுருள் உருவாகும் காட்சியை நேரில் பார்க்க எரேமியா 36ஐ வாசியுங்கள். தீர்க்கதரிசி எரேமியா சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தர் பாருக்கு மையால் எழுதுகிறார். அரசன் யோயாக்கீம் அதைக் கத்தியால் துண்டுதுண்டாக அறுத்துக் கணப்பில் போடுகிறான். மீண்டும் எழுதப்படுகிறது, இன்னும் பல வார்த்தைகள் சேர்க்கப்பட்டு.

புதிய ஏற்பாடு முழுவதும் அன்றைய பேச்சு வழக்கான கிரேக்கம். வரிசையைப் பார்த்து மத்தேயுதான் முதலில் எழுதப்பட்டது என்று நினைக்க வேண்டாம். பவுலின் கடிதங்கள் பொதுவாக நற்செய்திகளுக்கு முந்தியவை. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதலாம் கடிதம் கி.பி. 50ஐ ஒட்டியது. ரோமர் தொடங்கி அடுக்கியிருக்கும் அவர் கடிதங்களின் வரிசையும் காலவரிசை அல்ல. சபைகளுக்கு எழுதியவை முன்னால், தனி நபர்களுக்கு எழுதியவை பின்னால். அந்தந்தப் பிரிவில் ஏறக்குறைய பெரியதிலிருந்து சிறியதற்கு.

‘கடவுளே சொல்லி எழுதவைத்தாரா?’ என்று புதியவர்கள் கேட்பார்கள். விசுவாசிகளின் அறிக்கை 2 தீமோத்தேயு 3:16இல் இருக்கிறது: வேதவாக்கியம் தேவ ஆவியினால் அருளப்பட்டது. அங்குள்ள கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் ‘இறைவன் மூச்சுவிட்டது’. ஆனால் மனிதர் கை அதில் மறைக்கப்படவில்லை. லூக்கா தன் முதல் நான்கு வசனங்களிலேயே, முன்பே பலர் எழுதியிருக்கிறார்கள், நானும் தொடக்கமுதல் விசாரித்து ஒழுங்காக எழுதுகிறேன் என்கிறார். ரோமர் 16:22இல் கடிதத்தை எழுதிக்கொடுத்த தெர்தியு நடுவில் புகுந்து தன் வாழ்த்தைச் சொல்லிவிட்டுப் போகிறார். இறைவார்த்தை என்பதும் மனித எழுத்து என்பதும் பெரும்பாலான திருச்சபைகளுக்கு ஒன்றையொன்று தள்ளும் கருத்துகள் அல்ல. சொல்லுக்குச் சொல் எப்படி என்பதில்தான் சபைக்குச் சபை விளக்கம் மாறும்.

நூல்களின் பட்டியலை 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் ஓட்டுப்போட்டு முடிவு செய்தது என்ற கதை வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. அந்தச் சங்கம் கூடியது கிறிஸ்துவின் தெய்வீகம் பற்றிய சர்ச்சைக்காக. இன்றுள்ள 27 நூல்களை மட்டும் அப்படியே பட்டியலிட்ட, நமக்குக் கிடைக்கும் முதல் ஆவணம் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 367இல் எழுதிய உயிர்ப்பு விழா மடல். அதற்கு முன்பே நான்கு நற்செய்திகளும் பவுலின் கடிதங்களும் சபைகளில் ஊன்றிவிட்டன. யாக்கோபு, யூதா, 2 பேதுரு போன்றவற்றில்தான் நெடுநாள் தயக்கம் இருந்தது. அப்போஸ்தலரோடு தொடர்பு உண்டா, பெற்ற விசுவாசத்தோடு ஒத்துப்போகிறதா, பல ஊர்ச் சபைகளில் வாசிக்கப்படுகிறதா என்பவைதான் பார்த்த அளவுகோல்கள்.

மேலே சொன்ன 66, 73 வேறுபாட்டுக்குக் காரணம் இன்னும் பழையது. தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் புழங்கியது கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்ட பழைய ஏற்பாடு. அதில் அந்தக் கூடுதல் நூல்களும் இருந்தன. 16ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தவாதிகள் யூதரின் எபிரெயப் பட்டியலைப் பின்பற்றினார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1546இல் திரெந்து சங்கத்தில் நீண்ட பட்டியலை உறுதிசெய்தது.

தமிழுக்கு வந்தது தரங்கம்பாடி வழியாக. 1706இல் அங்கு இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு பெயர்த்த புதிய ஏற்பாடு 1714-15இல் அங்கேயே அச்சானது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்தவர் 1719இல் இறந்தார். எஞ்சியதை முடித்தவர் பெஞ்சமின் சூல்ட்ச்.

எங்கே தொடங்கி எங்கே போவது

மாற்கு. 16 அதிகாரம், நாளுக்கு இரண்டு என்றால் எட்டு நாள். சிறியது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. மாற்கு யூத வழக்கம் தெரியாதவர்களை மனத்தில் வைத்து எழுதியவர். 7:3-4இல் கை கழுவும் மரபை விளக்குகிறார், 5:41இல் ‘தலீத்தாகூமி’, 7:34இல் ‘எப்பத்தா’ என்ற அரமேயச் சொற்களுக்குப் பொருள் சொல்கிறார். புதியவருக்காகவே எழுதியது போல.

அடுத்து லூக்கா, அதைத் தொடர்ந்து அப்போஸ்தலர் நடபடிகள். இரண்டும் தெயோப்பிலு என்ற ஒரே ஆளுக்கு முகவரியிட்ட இரண்டு பாகங்கள். இடையில் யோவான் வருவதால் பலருக்கு இது தெரிவதில்லை. மொத்தம் 52 அதிகாரம், 26 நாள். அதன்பின் ஆதியாகமம் 25 நாள், யாத்திராகமத்தில் முதல் 20 அதிகாரம் 10 நாள். கொக்கிக் கணக்கு தொடங்கும் இடத்துக்கு முன்னால் நிறுத்தி சாமுவேலுக்குத் தாவலாம். குற்றமில்லை, பிறகு திரும்பி வரலாம். இவற்றோடு நாளுக்கு ஒரு சங்கீதம். வெளிப்படுத்தின விசேஷத்தைக் கடைசிக்கு விடுங்கள். தானியேலும் எசேக்கியேலும் தெரியாமல் அதில் நுழைந்தவர்கள் மிருகங்களின் கொம்பை எண்ணிக்கொண்டே நின்றுவிடுவார்கள்.

புதிய ஏற்பாட்டை ஒரே ஆண்டில் முடிக்க வழி எளிது: 260 அதிகாரம், வாரத்துக்கு ஐந்து, 52 வாரம். வாரத்தில் இரண்டு நாள் மிச்சம் இருப்பதால் விட்டுப்போனதைப் பிடித்துவிடலாம். முழு பைபிளும் ஓராண்டில் என்றால் 1,189 அதிகாரம், நாளுக்கு மூன்றுக்கு மேல். முதல் ஆண்டிலேயே அதற்கு ஆசைப்பட வேண்டாம். மார்ச்சுக்குள் பாக்கி ஏறி, பாக்கியைத் தீர்ப்பதே வேலையாகிவிடும்.

வாயால் வாசியுங்கள். இந்நூல்கள் பெரும்பாலும் சபை கூடிக் கேட்பதற்காக எழுதப்பட்டவை. 1 தெசலோனிக்கேயர் 5:27இல் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள் என்று ஆணையிட்டே சொல்கிறார் பவுல். ஒருமுறை முழுப்பகுதி, பிறகு மனம் நின்ற பத்து வசனம் மட்டும் மறுபடி. யார் யாரிடம் பேசுகிறார், அதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது, கேட்டவர் என்ன செய்ய வேண்டுமென்று எதிர்பார்க்கிறார் என்ற மூன்றுக்கும் ஒரு வரி வீதம் நோட்டில் எழுதுங்கள். பதில் தெரியாததைக் கேள்விக்குறியோடு விடுங்கள். 2 பேதுரு 3:16, பவுலின் கடிதங்களில் புரிந்துகொள்ளக் கடினமானவை உண்டு என்று தானே ஒப்புக்கொள்கிறது.

எதற்காக என்ற கேள்வி

2 தீமோத்தேயு 3:16 நான்கு பயன்களைச் சொல்கிறது: உபதேசம், கடிந்துகொள்ளுதல், சீர்திருத்தல், நீதியைப் படிப்பித்தல். ஒன்று போதிக்கிறது, ஒன்று தவறைக் காட்டுகிறது, ஒன்று நிமிர்த்துகிறது, ஒன்று பழக்குகிறது. அந்த வரி எழுதப்பட்டபோது புதிய ஏற்பாடு என்ற தொகுப்பே இல்லை; தீமோத்தேயு சிறுவயதுமுதல் அறிந்த யூதரின் வேதத்தைத்தான் அது குறித்தது. பழைய ஏற்பாடு இப்போது தேவையில்லை என்பவரிடம் இதைச் சொல்லலாம். யோவான் 20:31 இன்னும் வெளிப்படை: இயேசுவே கிறிஸ்து என்று நீங்கள் விசுவாசிக்கவும், அதனால் ஜீவனை அடையவும் இவை எழுதப்பட்டன.

இந்தப் பட்டியல்களில் ஜோசியம் இல்லை. கண்ணை மூடித் திறந்து விரல் பட்ட வசனத்தை இன்றைய உத்தரவாக எடுப்பது நூலின் நோக்கத்தில் சேராதது. புத்தாண்டு இரவு ஆராதனையில் தரும், வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த அதிகாரத்தையும் வாசியுங்கள். அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29:11, நல்வாழ்வுக்கான நினைவுகள். அதற்கு முந்தைய வசனம் பாபிலோனில் 70 ஆண்டு என்கிறது. 5ஆம் வசனம் அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. இந்த ஆண்டே விசா கிடைக்கும் என்ற வாக்கு அதில் இல்லை. நாடு கடத்தப்பட்டு, எரேமியா அனுப்பிய அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் பலர் திரும்பிப் பார்க்கவே முடியாத ஊரைப் பற்றிய நம்பிக்கை அது. இப்படி வாசித்தால் வசனம் சிறுக்கவில்லை, கனக்கிறது.

இன்னும் இரண்டு பொறிகள். யோபு நூலில் நண்பர்கள் மூவரும் பக்கம் பக்கமாகப் பக்தியாகப் பேசுவார்கள். 42:7இல் அவர்கள் பேசியது சரியில்லை என்று கடவுளே சொல்கிறார். அவர்கள் பேச்சிலிருந்து ஒரு வரியை எடுத்துச் சுவரில் மாட்டும் முன் பேசியவர் யார் என்று பாருங்கள். நீதிமொழிகள் 26:4 மூடனுக்கு அவன் பாணியில் பதில் சொல்லாதே என்கிறது, 26:5 சொல் என்கிறது. முரண்பாடு என்று பதற வேண்டாம். நம் பழமொழிகளும் அப்படித்தான். ‘பதறாத காரியம் சிதறாது’ என்றும் சொல்வோம், ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்றும் சொல்வோம். பழமொழியை எப்போது எடுப்பது என்று அறிவதுதான் ஞானம். அதைச் சட்டப்பிரிவாக வாசித்தால் கெட்டது.

‘வசனத்தைக் காணோம்!’

இரண்டு பதிப்புகளை வைத்து வாசித்தால் ஒருநாள் இது நடக்கும். பழைய தமிழ்ப் பதிப்பில் இருக்கும் அப்போஸ்தலர் 8:37, மத்தேயு 17:21 போன்றவை பல புதிய பதிப்புகளில் இருக்காது, அல்லது அடிக்குறிப்புக்கு இறங்கியிருக்கும். 1 யோவான் 5:7 குறுகியிருக்கும். யாரோ வேண்டுமென்றே வெட்டிவிட்டார்கள் என்று படம் எடுத்து அனுப்புவதற்கு முன் காரணத்தைப் பாருங்கள்.

எஸ்தியேன் 1551இல் எண் இட்டது அன்று கையில் கிடைத்த, பெரும்பாலும் பிற்காலத்துக் கையெழுத்துப் பிரதிகளை வைத்து அச்சான கிரேக்க நூலுக்கு. அதன்பின் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் பிரதிகளை அறிஞர்கள் விரிவாக ஒப்பிட்டார்கள். படியெடுத்தவர்கள் இடையில் சேர்த்த விளக்கங்கள் சில அவற்றில் இல்லை. சேர்க்கையை எடுத்தாலும் எண்ணை மாற்ற முடியாது, மாற்றினால் உலகெங்கும் உள்ள எல்லா முகவரிகளும் குழம்பிவிடும். அதனால்தான் மத்தேயு 17இல் 20க்குப் பின் 22 வருகிறது. மாற்கு 16:9-20, யோவான் 7:53–8:11 ஆகிய இரண்டு நீண்ட பகுதிகளும் அந்த இரு பழைய பிரதிகளில் இல்லை. பெரும்பாலான பதிப்புகள் அவற்றை விடாமல் அடைப்புக்குறியிலோ குறிப்போடோ அச்சிடுகின்றன. அடிக்குறிப்பு உள்ள பதிப்பை வாங்கச் சொன்னது இதற்காகத்தான். எண் தாவுகிற இடத்தில் பக்கத்தின் அடியைப் பாருங்கள், விடுபட்டது பெரும்பாலும் சிறிய எழுத்தில் அங்கேயே இருக்கும்.